உண்ண மறுக்கும் குழந்தைக்குப் புதிய சுவைகளைப் பழக்குதல்

குழந்தைநலப் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்கள் இவை: "இவன் எதையுமே சாப்பிடுவதில்லை, டாக்டர். பசி எடுக்க ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்கள்." சற்றுப் பொறுமையாக விசாரித்தால், "எதையுமே" என்பதன் பொருள் வேறாக இருக்கிறது. குழந்தை தயிர்ச்சாதம் உண்கிறது, பால் குடிக்கிறது, பிஸ்கட் தின்கிறது, சில நாட்களில் வெறும் தோசையும் உண்கிறது. காய், கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றைக் கண்டால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறது. தாய் இதைச் சொல்லி முடிப்பதற்குள் உடன் வந்த பாட்டி, "இந்த வயதில் இவன் அப்பன் எல்லாம் சாப்பிட்டான்" என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த வரி குழந்தையைப் பற்றியது அன்று, தன்னைப் பற்றியது என்று தாய்க்குத் தெரியும். அவர் தலை குனிந்துகொள்கிறார்.

இக்கட்டுரை அத்தகைய தாய்மார்க்கும் தந்தையர்க்கும், அவர்தம் வீட்டுப் பெரியவர்களுக்கும் உரியது. ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்திற்கொண்டு இது எழுதப்படுகிறது. தயிர்ச்சாதமும் பாலும் பிஸ்கட்டும் மட்டுமே உண்ணும் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவனுக்குப் புதிய சுவைகளை எவ்வாறு பழக்குவது என்று படிப்படியாகக் காண்போம்.

குழந்தை ஏன் மறுக்கிறது?

முதற் காரணம், பசி குறைவது. மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை முதல் ஆண்டின் முடிவில் ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையை எட்டுகிறது. அஃதாவது, ஓராண்டில் ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு அல்லது இரண்டரைக் கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. ஒரு வயதில் கிண்ணம் நிறைய உண்ட குழந்தை இரண்டு வயதில் பாதி உண்டு எழுந்துவிட்டால், அது பெரும்பாலும் நோயன்று.

இரண்டாம் காரணம், நாவின் இயல்பு. நம் முன்னோர் வகுத்த அறுசுவைகளுள் இனிப்பைக் குழந்தை பிறக்கும்போதே விரும்புகிறது. தாய்ப்பாலும் இனிப்பானதே. கைப்பையும் புளிப்பையும் அது பிறவியிலேயே விலக்குகிறது. இயற்கையில் நச்சுப் பொருள்கள் பலவும் கைப்பாக இருப்பவை. நடக்கத் தொடங்கி, கண்டதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கும் வயதில், அறியாத உணவின்மேல் ஓர் அச்சம் இருப்பது குழந்தைக்குப் பாதுகாப்பாகவே அமைந்திருக்க வேண்டும். இந்த அச்சம் இரண்டு வயது முதல் ஆறு வயது வரை மிகுந்து நின்று, பின்னர் மெல்லத் தணிகிறது.

மூன்றாம் காரணம், தொடுவுணர்வு. வெண்டைக்காயின் வழவழப்பு, கத்தரிக்காய்த் தோலின் நழுவல், கீரையின் நார், சாம்பாரில் எதிர்பாராது பல்லில் சிக்கும் வெங்காயம் ஆகியவை சில குழந்தைகளுக்குச் சுவையைவிடப் பெரிய தடை. "காய் பிடிக்காது" என்று நாம் முடிவு கட்டும் குழந்தை, உண்மையில் குழைந்த காயை மட்டுமே வெறுப்பதாக இருக்கலாம்.

ஆகவே இந்த மறுப்பு குழந்தையின் பிடிவாதமும் அன்று; தாயின் குறையும் அன்று. வளர்ச்சியில் வந்துபோகும் ஒரு பருவம் அது. ஆனால், வந்துபோகும் என்று வாளாவிருப்பதும் தவறு. அதன் காரணத்தை அடுத்துக் காண்போம்.

பாலால் நிறையும் வயிறு

நம் எடுத்துக்காட்டுச் சிறுவன் ஒரு நாளில் ஒரு லிட்டர் பால் குடிக்கிறான் எனக் கொள்வோம். "சாப்பாடுதான் இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்ற அன்பில் கொடுக்கப்படும் பால் அது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அன்றாடம் தேவைப்படும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அதிலேயே முடிந்துவிடுகிறது. பிஸ்கட்டும் சேர்ந்தால் பசி எங்கிருந்து வரும்?

இதனினும் பெரிய இடர் இரும்புச் சத்தைப் பற்றியது. இவ்வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் 7 முதல் 8 மில்லிகிராம் இரும்புச் சத்து உணவில் தேவை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மேலும், பாலிலுள்ள கால்சியம் பிற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. எனவே கொழுகொழுவெனத் தோன்றும் குழந்தையின் குருதியிலும் இரும்புக் குறை இருக்கக்கூடும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேர் குருதிச் சோகை உடையவர்கள். இரும்புக் குறையால் வரும் சோகை குழந்தையைச் சோர்வடையச் செய்கிறது. கற்கும் திறனையும் கவனத்தையும் பாதிக்கிறது. பசியையும் மேலும் மந்தப்படுத்துகிறது. உண்ணாததால் சோகை, சோகையால் உண்ணாமை என்னும் சுழல் இவ்வாறு தொடங்குகிறது.

ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் பால் போதும். தயிரும் மோரும் இதனுள் அடங்கும். புதிய உணவைப் பழக்கும் முயற்சி அடுப்பங்கரையில் தொடங்குவதற்கு முன், பால் அளவைக் குறைப்பதில் தொடங்குகிறது.

விருப்பம் பழக்கத்தால் வருவது

குழந்தைகளின் உணவு விருப்பத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச். 1982இல் அவர் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத பாலாடைக்கட்டி வகைகளும் பழங்களும் வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கக் கொடுக்கப்பட்டன. எந்த உணவை அதிக முறை சுவைத்தார்களோ, அதையே பின்னர் அதிகம் விரும்பினார்கள். 1987இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, உணவைக் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, நாவில் பட வேண்டும் என்பதைக் காட்டியது.

ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்கு எட்டு முதல் பதினைந்து முறை அதைச் சுவைக்கும் வாய்ப்புத் தேவைப்படலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோ "இவனுக்கு இது ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குழந்தை தோற்கவில்லை, நாம் பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

வற்புறுத்தல் உதவுமா? 2006இல் பர்ச்சும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இருவகைச் சூப் கொடுத்துப் பார்த்தனர். ஒரு வகையைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. மற்றொரு வகையைக் கொடுக்கும்போது எதுவும் சொல்லப்படவில்லை. வற்புறுத்தாத சூப்பையே குழந்தைகள் அதிகம் குடித்தனர். வற்புறுத்திய சூப்பைப் பற்றியே அதிகம் குறை கூறினர். இவ்வளவு மென்மையான சொல்லே உணவை வெறுக்கச் செய்யுமானால், கையைப் பிடித்து வாயில் திணிப்பது எதைச் செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழகிய உணவே பாலம்

அறியாத உணவின்மேல் அச்சம் கொண்ட குழந்தையை ஒரே தாவலில் கீரைக்கு அழைத்துச் செல்ல இயலாது. அது விரும்பி உண்ணும் உணவை ஒரு கரையாகவும் புதிய உணவை மறு கரையாகவும் கொண்டு, நடுவே சிறு சிறு படிகள் அமைக்க வேண்டும். இதற்கு ஒரே விதிதான் உண்டு: ஒரு படியில் ஒன்றை மட்டுமே மாற்றுக. நிறத்தை மாற்றினால் சுவையை மாற்றாதீர்கள். சுவையை மாற்றினால் பதத்தை மாற்றாதீர்கள். நம் வீடுகளில் எளிதில் அமைக்கக்கூடிய ஐந்து பாலங்கள் கீழே தரப்படுகின்றன.

முதற்பாலம்: தயிர்ச்சாதம். நன்கு குழைந்த, புளிக்காத தயிர்ச்சாதத்தின் ஓரத்தில், வேகவைத்து மசித்த கேரட்டை ஒரு தேக்கரண்டி வையுங்கள். கேரட் இயல்பிலேயே இனிப்பானது. பதமும் சாதத்தோடு ஒத்தது. மாறுவது நிறம் மட்டுமே. அது பழகியபின் துருவி வேகவைத்த கேரட்டைத் தயிரில் கலந்து பச்சடியாகக் கொடுக்கலாம். அடுத்து பீட்ரூட் பச்சடி. தயிர் இளஞ்சிவப்பாக மாறுவதைக் குழந்தையே கலக்கிப் பார்க்கட்டும். அதன்பின் துருவிய வெள்ளரிக்காய். இறுதியில், காரம் குறைத்த மோர்க்குழம்பில் குழைய வெந்த வெண்பூசணி. தயிரின் சுவை தொடர்ந்து வருவதால், மோர்க்குழம்பு குழந்தைக்கு முற்றிலும் அயலான உணவாகத் தோன்றாது.

இரண்டாம் பாலம்: நெய்யிட்ட பருப்புச்சாதம். பாசிப்பருப்பு துவரம்பருப்பைவிட மணமும் சுவையும் மென்மையானது, எளிதில் குழையும். ஒரு பங்கு பருப்பும் மூன்று பங்கு சாதமுமாகத் தொடங்கிப் பருப்பின் பங்கை மெல்லக் கூட்டுங்கள். பிறகு அதே பருப்பில் பரங்கிக்காயை வேகவைத்து மசியுங்கள். மஞ்சட்பருப்பும் மஞ்சட்காயும் நிறத்தில் ஒன்றே; இனிப்பு மட்டுமே சற்றுக் கூடும். அதன்பின் சிறுகீரை அல்லது அரைக்கீரையைக் கடைந்து, முதலில் பருப்பின் நடுவில் ஒரு பொட்டளவு. பிறகு ஒரு தேக்கரண்டி. முருங்கைக்கீரைக்குச் சிறு கைப்பு உண்டு. ஆகவே அதை இவற்றிற்குப் பின் வையுங்கள். அகத்திக்கீரைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மூன்றாம் பாலம்: தோசை. தோசை விரும்பும் குழந்தை கிடைத்தற்கரிய வாய்ப்பைக் கையில் வைத்திருக்கிறது. தோசை மாவு எதையும் ஏற்கும். வழக்கமான மாவில் ஐந்தில் ஒரு பங்கு கேழ்வரகு மாவைக் கலந்து சிறிய தோசையாக வார்க்கலாம். கேழ்வரகு கால்சியம் நிறைந்தது. மற்றொரு நாள் மாவின்மேல் துருவிய கேரட்டைத் தூவலாம். முட்டை உண்ணும் வீடுகளில், அடித்த முட்டையை ஒரு தேக்கரண்டி மட்டும் தோசையின்மேல் மெல்லப் பரப்பி இருபுறமும் நன்கு வேகவிடுங்கள். நாட்கள் செல்லச் செல்ல அளவைக் கூட்டுங்கள். முட்டைத் தோசைக்குப் பழகிய குழந்தை, பின்னர் முட்டைப் பொரியலை ஏற்பது எளிது.

நான்காம் பாலம்: மொறுமொறுப்பு. அப்பளமும் முறுக்கும் கேட்கும் குழந்தை, சுவையைவிட அந்த ஓசையையே விரும்புகிறது எனலாம். அத்தகைய குழந்தைக்குக் குழைந்த காயைக் கொடுப்பது, பிடிக்காத இடத்திலிருந்து தொடங்குவதாகும். வாழைக்காயையும் சேப்பங்கிழங்கையும் வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக்கிக் குறைந்த எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துக் கொடுங்கள். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரம் போனபின் நறுக்கி, உப்பைக் கடைசியில் சேர்த்து வறுத்தால் வழவழப்புக் குறையும். குழம்பில் கிடந்த வெண்டைக்காயை வெறுத்த குழந்தை, வறுவலாகக் கேட்டு வாங்கி உண்ணக்கூடும்.

ஐந்தாம் பாலம்: இனிப்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், பச்சைப் பட்டாணி, நன்கு கனிந்த பப்பாளி ஆகியவை சர்க்கரை சேர்க்காமலே இனிப்பவை. இனிப்பைத் தவிர வேறெதையும் நாடாத குழந்தைக்கு இவையே வாயில். வேகவைத்த சர்க்கரைவள்ளியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால், புளிப்பென்னும் இரண்டாம் சுவை இனிப்பின் கைப்பிடித்து வருகிறது. கொய்யாவும் ஆரஞ்சும் அடுத்த படி. கைப்பு அறுசுவையில் குழந்தை கடைசியாகக் கற்கும் பாடம். வெல்லமும் புளியும் சேர்ந்த பாகற்காய்ப் பிட்லையைப் பள்ளிப் பருவத்தில் முயன்றால் போதும்.

இங்கே ஒரு கேள்வி எழும்: காயை அரைத்து, குழந்தை அறியாமல் மாவிலோ சாதத்திலோ மறைத்துக் கொடுக்கலாமா? சத்து உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் குழந்தை அந்தக் காயைக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், கையிலிருக்கும் தயிர்ச்சாதத்தின்மேலும் ஐயம் கொள்ளும். ஆகவே கலந்தாலும் கண்முன்னே கலவுங்கள். "இதில் பரங்கிக்காய் இருக்கிறது" என்று பெயரையும் சொல்லுங்கள்.

தட்டில் வைக்கும் முறை

அளவு சிறிதாக இருக்கட்டும். முதல் முறை ஒரு பட்டாணியளவு போதும். பழகிய உணவுக்குக்கூட, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடக்க அளவு; மூன்று வயதுக் குழந்தைக்குக் காய் மூன்று மேசைக்கரண்டி. தட்டு நிறையக் கண்டாலே மலைக்கும் குழந்தை, சிறிதளவு கண்டால் மேலும் கேட்கும்.

பழகிய உணவு ஒன்று தட்டில் எப்போதும் இருக்கட்டும். புதியது மட்டும் உள்ள தட்டு குழந்தைக்கு ஒரு மிரட்டலாகும்.

புதிய உணவைச் சாப்பாட்டின் தொடக்கத்தில், பசி இருக்கும்போது வையுங்கள். இரண்டு வேளைகளுக்கு நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டா.

தொடுவதும் முகர்வதும் நக்கிப் பார்த்துத் துப்புவதும் கற்றலின் படிகளே. துப்பினால் கோபம் வேண்டா. துடைத்துவிட்டு அடுத்த கவளத்துக்குச் செல்லுங்கள்.

"காயைத் தின்றால் சாக்லேட் தருவேன்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லிலிருந்து குழந்தை கற்பது, சாக்லேட் பரிசு, காய் தண்டனை என்பதே. கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதும் அத்தகையதே. கண் திரையில் இருக்க, வாய் மட்டும் திறக்கும் குழந்தை எதை உண்டது என்று அறிவதில்லை. அறியாத சுவை எங்ஙனம் பழகும்?

அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பகிர்வு இங்கே பெரிதும் பயன்படும். எதை உண்பது, எப்போது உண்பது, எங்கே உண்பது என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாவா, எவ்வளவு என்பவை குழந்தையின் பொறுப்பு. தங்கள் பொறுப்பை முழுதாகச் செய்துவிட்டுக் குழந்தையின் பொறுப்பைக் குழந்தையிடமே விடுவதுதான் பெற்றோர்க்கு மிகக் கடினமானது. பலன் தருவதும் அதுவே.

மூன்று வயதுச் சிறுவனுக்கு நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: புதிய உணவு எதுவும் வேண்டா. பாலை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து 500 மில்லிலிட்டருக்குக் கொண்டுவாருங்கள். இரவுப் பால்புட்டி இருந்தால் அதை நிறுத்திக் கிண்ணத்தில் கொடுங்கள். பிஸ்கட்டை வீட்டில் வாங்கி வைக்காமலிருப்பது, வைத்துக்கொண்டு மறுப்பதைவிட எளிது. மூன்று வேளை உணவு, இரண்டு வேளை சிற்றுணவு என்று நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாட்கள் அழுகை மிகும். அதன்பின் பசி தன் வேலையைச் செய்யத் தொடங்கும்.

இரண்டாம் வாரம்: நண்பகல் தயிர்ச்சாதத்தின் ஓரத்தில் மசித்த கேரட், ஒருநாள் விட்டு ஒருநாள். மற்ற நாட்களில் வழக்கமான தயிர்ச்சாதம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்னும் பழமொழி உணவுக்கும் பொருந்தும். நாள் தவறாமல் ஒன்றையே கொடுத்தால், குழந்தை விரும்பியதையும் ஒரு நாள் கைவிட்டுவிடும்.

மூன்றாம் வாரம்: இரவில் தயிருக்குப் பதிலாகப் பாசிப்பருப்புச் சாதம். தயிரும் பருப்பும் கீரையும் வெவ்வேறு வேளைகளில் இருப்பது இரும்புச் சத்து உடலில் சேர்வதற்கும் நல்லது. சில துளி எலுமிச்சைச் சாறோ, உணவுக்குப்பின் ஒரு துண்டுக் கொய்யாவோ அதை மேலும் கூட்டும். தேநீர் அதைக் குறைக்கும். குழந்தைக்குத் தேநீர் வேண்டா. கேரட்டை நிறுத்தாமல் தொடருங்கள்.

நான்காம் வாரம்: பருப்பில் ஒரு பொட்டளவு கீரை, காலையில் ஒரு நாள் முட்டை பரப்பிய சிறு தோசை. முட்டை உண்ணாத வீடுகளில், நன்கு வேகவைத்து மசித்த கொண்டைக்கடலையைத் தோசைக்குள் தடவலாம்.

நான்கு வாரத்தில் சிறுவன் கீரையை விரும்பி உண்பான் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. நான்கு புதிய உணவுகள் அவன் தட்டில் அச்சமின்றி இருக்கும். இரண்டையாவது அவன் நாவில் வைத்திருப்பான். அந்த அளவுக்கு வந்தாலே பாலத்தின் பாதி கட்டப்பட்டுவிட்டது.

இவை நிகழும் காலத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் திட்டத்தை நிறுத்தி வையுங்கள். நோயுற்ற குழந்தைக்குப் பழகிய எளிய உணவே மருந்து. நலம்பெற்று, பசி திரும்பியபின், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு

குழந்தை அழும்போது பாட்டி ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு பிஸ்கட், மூன்று மணி நேரமாகச் சேர்ந்த பசியைத் தணித்துவிடுகிறது. தாயின் முயற்சி அன்று வீணாகிறது. மறுநாள் "ஊட்டத் தெரியவில்லை" என்ற பழியும் அவர்மேலேயே விழுகிறது. பெரியவர்களை நாங்கள் வேண்டுவது இரண்டு. உணவு வேளைகளுக்கு நடுவே எதுவும் கொடாதீர்கள். குழந்தையோடு அமர்ந்து, அதே காயை அதன் கண்முன் சுவைத்து உண்ணுங்கள். தான் நம்பும் முகம் ஒன்று உண்பதைக் காணும் குழந்தை, தானும் உண்ணத் துணிகிறது. இந்த உதவியைப் பாட்டியைப்போல் செய்ய எங்கள் மருத்துவமனையில் எவராலும் இயலாது.

"அவனுக்குக் காய் பிடிக்காது" என்று குழந்தையின் எதிரில் எவரும் சொல்லவேண்டா. குழந்தை தன்னைப் பற்றிக் கேட்பதை நம்பிவிடுகிறது. "இன்னும் பழகவில்லை" என்று சொல்லுங்கள்.

கருவுற்றிருக்கும் தாய்மார்க்கும் ஒரு சொல். 2001இல் ஜூலி மென்னெல்லாவும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றது கண்டறியப்பட்டது. வீட்டுச் சமையலின் சுவை தாய் வழியாகவே குழந்தைக்கு முதலில் சென்று சேர்கிறது.

கவனத்திற்குரியவை

முழு நிலக்கடலை, முந்திரி, பாதாம், முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, சோளப்பொரி, கடின மிட்டாய் ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். கடலைகளை நன்கு பொடித்தோ, மசித்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். மீனில் முள்ளை விரலால் தடவிப் பார்த்து நீக்குங்கள். குழந்தை அமர்ந்தே உண்ணட்டும். ஓடும் குழந்தையைப் பின்தொடர்ந்து ஊட்டுவது இடர் தரும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

முட்டை, மீன், நிலக்கடலை முதலியவற்றை முதன்முறை கொடுக்கும்போது பகல் நேரத்தில் சிறிதளவு கொடுங்கள்; ஒரே நாளில் இரண்டு புதிய உணவு வேண்டா. உதடோ முகமோ வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருத்துவரிடம் எப்போது வரவேண்டும்?

எடை குறைந்தால், அல்லது சில மாதங்களாக எடை கூடாமல் நின்றுவிட்டால், உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தால், மண், சாம்பல், சுண்ணாம்பு முதலியவற்றைக் குழந்தை தின்றால், மலச்சிக்கல் நீடித்தால், விழுங்கும்போது வலியோ, புரையேறுதலோ, குமட்டலோ தொடர்ந்து இருந்தால், திட உணவு முழுவதையும் மறுத்து நீராகாரம் மட்டுமே ஏற்றால், உண்ணும் உணவுகளின் பட்டியல் மாதந்தோறும் சுருங்கிக்கொண்டே வந்தால், பேச்சிலும் பழகுவதிலும்கூடக் குழந்தை பின்தங்கியிருந்தால், வீட்டு முயற்சி மட்டும் போதாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழிருந்தால் அது சோகை. அப்போது மருத்துவர் எழுதித் தரும் இரும்புச் சத்து மருந்தை அவர் சொல்லும் காலம்வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். கீரை அந்த மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

இறுதியாக ஒரு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறோம். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், குழந்தை எவ்வளவு உண்டது என்று எழுதாதீர்கள். எந்தப் புதிய உணவு இன்று அதன் நாவில் பட்டதோ, அதன் பெயரை எழுதி ஒரு கோடு இடுங்கள். துப்பியிருந்தாலும் கோடு இடுங்கள். பதினைந்து கோடுகள் சேரும்வரை எந்தக் காயைப் பற்றியும் தீர்ப்பு எழுதவேண்டா. அடுத்த முறை எங்களிடம் வரும்போது அந்த நாட்காட்டித் தாளைக் கொண்டுவாருங்கள். "எதையுமே சாப்பிடுவதில்லை" என்று தொடங்கும் பேச்சு, அன்று "கேரட்டுக்கு ஒன்பது கோடு, கீரைக்கு நான்கு" என்று தொடங்கட்டும். தலை குனியவேண்டிய தேவை எந்தத் தாய்க்கும் இராது.